மிஞ்சிய ரோஸ்ட் ஆட்டுக்கறியில் ஷெப்பர்ட்ஸ் பை: முதல்முறை செய்பவர்களுக்கு

பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் பல வீடுகளில் ரோஸ்ட்தான். இரண்டு கிலோ ஆட்டுத்தொடையில் பூண்டும் ரோஸ்மேரியும் செருகி ஓவனில் சுட்டு, நாலு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் எலும்பைச் சுற்றிக் கறி மிஞ்சும். அதை மறுநாள் சாண்ட்விச்சில் வைத்தால் ஒரு வேளை ஓடும். ஆனால் நாலு பேருக்குச் சுடச்சுட முழுச் சாப்பாடு வேண்டுமானால், அந்த ஊர்க்காரர்களே கண்டுபிடித்த நல்ல வழி ஷெப்பர்ட்ஸ் பை. கீழே குழம்போடு கறி, மேலே மசித்த உருளைக்கிழங்கு. இரண்டும் ஓவனுக்குள் போய், மேல்பகுதி பொன்னிறமாக முறுகி வரும். பை என்று பெயர் இருந்தாலும் மாவு பிசையும் வேலை கிடையாது. அதனால்தான் ஓவனில் முதன்முதலாகச் சமைப்பவர்களுக்கு இதையே சொல்வேன்.

இந்த உணவு பிறந்ததே மிச்சக் கறியைத் தீர்ப்பதற்காக. காட்டேஜ் பை என்ற பெயர் 1791-லேயே ஓர் ஆங்கிலப் பாதிரியாரின் நாட்குறிப்பில் வருகிறது. ஷெப்பர்ட்ஸ் பை என்ற பெயர் 1850-களில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. ஷெப்பர்ட் என்றால் ஆடு மேய்ப்பவர். ஆகவே ஆட்டுக்கறி போட்டால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டுக்கறி போட்டால் காட்டேஜ் பை என்று இன்று பிரித்துச் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களிடமும் இதே மாதிரி ஒன்று உண்டு. உருளைக்கிழங்கைப் பிரான்சில் பரப்பப் பாடுபட்ட பார்மான்டியே பெயரில் அதை ஆஷி பார்மான்டியே என்கிறார்கள்.

இப்போதெல்லாம் பெரும்பாலானவர்கள் கடையில் பச்சைக் கொத்துக்கறி வாங்கித்தான் இதைச் செய்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். அந்தக் குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு கொத்துக்கறிக்குப் பதில் மிச்சக் கறியைப் போட்டால் பை சரியாக வராது. பச்சைக் கறியை வதக்கி, முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டால்தான் மெத்தென்று ஆகும். ரோஸ்ட் கறியோ ஏற்கெனவே வெந்தது. அதை மறுபடி வாணலியில் போட்டுக் கிளறினால் இருக்கிற சாறும் வற்றி, நார்நாராகிப் பல்லில் மாட்டும். எனவே குழம்பை முதலில் தனியாகத் தயார் செய்ய வேண்டும். அதன் ருசி, உப்பு, கெட்டி எல்லாம் சரியான பிறகு, அடுப்பை அணைத்துவிட்டுக் கறியைச் சேர்க்க வேண்டும். மிச்சக் கறியில் செய்யும் பைக்கு இந்த வரிசைதான் உயிர்.

கறியைப் பத்திரப்படுத்துவது ஞாயிறு மதியமே தொடங்குகிறது. சாப்பிட்டு முடித்ததும் கறியை மேசையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும், இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது பிரிட்டனின் உணவுத் தர முகமை சொல்லும் கணக்கு. சூடாக்கும்போது நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸை எட்டி இரண்டு நிமிடமாவது அப்படியே இருக்க வேண்டும். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்பவும் ஆறவைத்துச் சூடாக்கக் கூடாது. இது நம் ஊர் வெயிலுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

நாலு பேருக்கு வேண்டியவை

வெந்த ஆட்டுக்கறி, எலும்பு நீக்கியது: 500 கிராம்
உருளைக்கிழங்கு: 1 கிலோ
பெரிய வெங்காயம்: 1
கேரட்: 2
செலரித் தண்டு: 1 (இல்லாவிட்டால் பரவாயில்லை)
பூண்டு: 2 பல்
மைதா: ஒன்றரை மேசைக்கரண்டி
தக்காளி பேஸ்ட்: 1 மேசைக்கரண்டி
எலும்பு சூப் அல்லது மிஞ்சிய கிரேவி: 400 மி.லி.
வூஸ்டர் சாஸ்: 1 மேசைக்கரண்டி
தைம் அல்லது ரோஸ்மேரி: ஒரு சிறு கொத்து
பச்சைப் பட்டாணி: ஒரு கைப்பிடி
வெண்ணெய்: 50 கிராம்
பால்: 100 மி.லி.
செடார் சீஸ், துருவியது: 50 கிராம்
உப்பு, மிளகுத்தூள்

இரண்டு லிட்டர் கொள்ளும், ஓவனில் வைக்கத்தக்க பாத்திரம் ஒன்றும் வேண்டும். கண்ணாடி, பீங்கான் எதுவானாலும் சரி.

வூஸ்டர் சாஸைப் பற்றி ஒரு வார்த்தை. 1837-லிருந்து இங்கிலாந்தின் வூஸ்டர் நகரப் பெயரில் விற்கப்படும் இந்தக் கறுப்புத் திரவத்தில் வினிகர், நெத்திலி வகை மீன், வெல்லப்பாகு இவற்றோடு புளியும் உண்டு. ஆட்டுக்கறியின் கொழுப்புக்கு ஈடு கொடுக்க ஒரு புளிப்பு தேவை என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. சாஸ் கிடைக்காவிட்டால் அரைத் தேக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசலும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேருங்கள், வேலை நடக்கும்.

முதலில் எலும்பு

ரோஸ்ட்டின் எலும்பைத் தூக்கிப் போடாதீர்கள். கறியை வழித்தெடுத்த பிறகு எலும்பை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, அரை வெங்காயம், பத்து மிளகு, ஒரு பிரிஞ்சி இலை சேர்த்து, சிறு தீயில் ஒரு மணி நேரம் வையுங்கள். குக்கரில் அரை மணி நேரம் போதும். வடிகட்டினால் குழம்புக்குத் தேவையான சூப் கிடைத்துவிடும். ரோஸ்ட் செய்த தட்டின் அடியில் ஒட்டிய சாறு மிஞ்சியிருந்தால் அதையும் இதில் கரைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே இல்லையென்றால் கடையில் கிடைக்கும் ஸ்டாக் கட்டி ஒன்றை வெந்நீரில் கரைக்கலாம். அதில் உப்பு தூக்கலாக இருக்கும் என்பதால் குழம்பில் உப்பைக் கடைசியாகப் பார்த்துப் போடுங்கள்.

கறி நறுக்குவது

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். கறி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு இருக்கும்போதே நறுக்குவது நல்லது. கொழுப்பு உறைந்து வெள்ளை வெளேரென்று தனியாகத் தெரியும், விரலால் நெம்பினாலே பாளம் பாளமாகக் கழன்று வரும். அந்தக் கொழுப்பில் ஒரு மேசைக்கரண்டி அளவு எடுத்து வையுங்கள், வெங்காயம் வதக்க எண்ணெய்க்குப் பதில் அதையே பயன்படுத்தலாம். ஜவ்வு, நரம்பு எல்லாம் இழுத்தெறியுங்கள். வெளிப்பக்கம் கருகி மொறுமொறுப்பான தோல் இருக்கும் இல்லையா, அதை எறியக் கூடாது. பொடிப்பொடியாக நறுக்கிச் சேர்த்தால் குழம்புக்குப் புகைவாசமும் ஆழமும் வரும்.

இனி மீதிக் கறி. கறியின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நாருக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகள் போட்டு, அவற்றை அரை அங்குலத்துக்கும் குறைவான சதுரங்களாக நறுக்குங்கள். குறுக்கே வெட்டினால் நார் குட்டையாகிவிடும், மெல்ல எளிதாக இருக்கும். மிக்ஸியில் போட்டு ஓட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். வெந்த கறி மிக்ஸியில் பஞ்சுத்தூள் போல ஆகிவிடும், சாப்பிடும்போது கறி என்றே தெரியாது. கத்தியால் நறுக்கினால் சில துண்டு பெரிதாக, சில துண்டு உதிரியாக இருக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் மிச்சக் கறிப் பையைக் கொத்துக்கறிப் பையைவிட ஒரு படி மேலே கொண்டுபோகிறது. நறுக்கியதை மூடித் திரும்ப ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

குழம்பு

அடி கனமான வாணலியில் அந்தக் கொழுப்பையோ இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயையோ சூடாக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரியைப் போடுங்கள். மிதமான தீயில் பத்து நிமிடம் நிதானமாக வதக்குங்கள். நம் சமையலில் வெங்காயத்தைச் சிவக்கவிடுவது போல இதற்கு வேண்டாம், கண்ணாடி போலாகி ஓரம் லேசாகப் பொன்னிறமானால் போதும். கேரட் இப்போதே முக்கால் பதம் வெந்துவிட வேண்டும்.

பூண்டைத் தட்டிப் போட்டு வாசம் வந்ததும் தக்காளி பேஸ்ட் சேருங்கள். பேஸ்ட்டின் பச்சை வாடை போய் நிறம் செங்கல் சிவப்புக்கு மாறும்வரை ஒன்றிரண்டு நிமிடம் கிளறிவிட்டு, மைதாவைத் தூவி இன்னும் ஒரு நிமிடம் வதக்குங்கள். இப்போது எலும்பு சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் மைதா கட்டி தட்டும். வூஸ்டர் சாஸ், தைம், மிளகுத்தூள் சேர்த்துச் சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கட்டும். கரண்டியின் முதுகில் ஒட்டி, விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். தண்ணியாக இருந்தால் மேலே போடும் கிழங்கு உள்ளே அமுங்கிவிடும், ஆகவே இன்னும் சில நிமிடம் சுண்டவிடுங்கள். ருசி பார்த்து உப்பு போடுங்கள். குழம்பு மட்டும் தனியாகச் சற்றுத் தூக்கலாகத் தெரியட்டும், கறியும் கிழங்கும் சேர்ந்ததும் அது அடங்கிவிடும்.

அடுப்பை அணையுங்கள். தைம் குச்சியை எடுத்துவிட்டு, பட்டாணியையும் கறியையும் போட்டு மெதுவாகப் புரட்டிக் கொடுங்கள். பாத்திரத்தில் பரப்பிவிடலாம்.

கிழங்கு

எல்லா உருளைக்கிழங்கும் இதற்கு ஒத்துவராது. வேகும்போது மாவாக வெடிக்கும் ரகம் வேண்டும். பிரிட்டனில் மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் என்று பெயர் சொல்லி வாங்குவார்கள். தோல் மெல்லிய புதுக்கிழங்கு மசிக்கும்போது வழவழவென்று ஆகும், அதைத் தவிருங்கள்.

தோல் சீவி, ஒரே அளவான பெரிய துண்டுகளாக வெட்டி, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்கிற நீரில் நேராகப் போட்டால் வெளிப்புறம் குழைந்தும் உள்ளே வேகாமலும் இருக்கும். கொதி வந்து பதினைந்து, இருபது நிமிடத்தில் கத்தி நுனி தடையில்லாமல் இறங்கும். தண்ணீரை நன்றாக வடித்து, அதே பாத்திரத்தை அணைந்த அடுப்பின் சூட்டில் இரண்டு நிமிடம் வைத்தால் மிச்ச ஈரமும் ஆவியாகப் போய்விடும். பிறகு மத்தால் மசியுங்கள். வெண்ணெய் முதலில், வெதுவெதுப்பான பால் அப்புறம். இங்கேயும் மிக்ஸி கூடாது. கிழங்கின் மாவுச்சத்து அளவுக்கு மீறி வெளியேறிப் பசையாகிவிடும். மசியல் கெட்டியாக, கரண்டியில் நிற்கும்படி இருக்கட்டும். பால் முழுவதும் தேவைப்படாமலும் போகலாம்.

ஓவனில்

ஓவனை 200 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்குங்கள். விசிறி உள்ள ஓவனானால் 180 போதும். மசியலைக் கரண்டி கரண்டியாக எடுத்து முதலில் பாத்திரத்தின் ஓரம் முழுக்க வைத்து, அப்புறம் நடுவை நோக்கி வாருங்கள். நடுவில் கொட்டிப் பரப்பினால் அதன் கனத்தில் குழம்பு ஓரமாகப் பிதுங்கி மேலே ஏறிவிடும். ஓரத்தைக் கிழங்கு கவ்விக்கொண்டால் குழம்பு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

கடைசியாக ஒரு முள்கரண்டியால் மேலே உழுதது போலக் கோடு இழுங்கள். அழகுக்காக மட்டுமல்ல, அந்த மேடுகள்தான் முதலில் முறுகும். சீஸைத் தூவி, அடியில் ஒரு தட்டு வைத்து ஓவனுக்குள் அனுப்புங்கள். வழிந்தால் தட்டு வாங்கிக்கொள்ளும், ஓவன் கழுவும் வேலை மிச்சம். 30 முதல் 35 நிமிடம். ஓரத்தில் குழம்பு குமிழியிட்டு, மேடுகள் பழுப்பாக மாறியிருக்கும். நம் வீடுகளில் இருக்கும் சின்ன ஓடிஜி ஓவனில் முதலில் இரண்டு கம்பியும் எரியட்டும், கடைசி ஐந்து நிமிடம் மேல்கம்பியை மட்டும் போட்டால் நிறம் ஏறும். நடுவில் ஒரு கத்தியைச் சொருகிப் பத்து எண்ணி எடுத்துத் தொட்டுப் பாருங்கள், சுரீரென்று சுட வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் 75 டிகிரி காட்டினால் நிம்மதி.

எடுத்த உடனே பரிமாறாதீர்கள். பத்து நிமிடம் விட்டால் குழம்பு இறுகி, கரண்டி போட்டு அள்ளும்போது அடுக்கு கலையாமல் வரும். பக்கத்தில் வெண்ணெயில் புரட்டிய முட்டைக்கோஸோ வெந்த பீன்ஸோ இருந்தால் போதும், சோறும் ரொட்டியும் தேவையில்லை. நம் ஆட்களுக்குக் காரம் வேண்டுமென்றால் குழம்பில் ஒரு பச்சைமிளகாயும் அரைத் தேக்கரண்டி சீரகத்தூளும் போடலாம். கரம் மசாலா மட்டும் போட வேண்டாம் என்பது என் கருத்து. ரோஸ்ட் கறியில் ஏற்கெனவே இருக்கும் ரோஸ்மேரி வாசத்தை அது அமுக்கிவிடும்.

முன்கூட்டியே செய்து வைக்க நினைத்தால், குழம்பையும் மசியலையும் நன்றாக ஆறவிட்டு, சில்லென்ற கறியை ஆறிய குழம்பில் கலந்து, பாத்திரத்தில் அடுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடான குழம்பில் கலந்துவிட்டுப் பிறகு குளிரவைத்தால் கறியை இரண்டு முறை சூடாக்கியது போலாகிவிடும். ரோஸ்ட் செய்த நாளிலிருந்து எண்ணி இரண்டு நாளுக்குள் சுட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக ஓவனுக்குப் போகும் பை 45 நிமிடம் வரை பிடிக்கும், மேலே சீக்கிரம் கருகினால் அலுமினியத் தாளால் மூடுங்கள். இதே நிலையில், சுடாமல், ஃப்ரீசரிலும் போடலாம். ஃப்ரீசரில் போட்டதைச் சுடுவதற்கு முதல் நாள் இரவே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுக்க உருகவிட்டு, 24 மணி நேரத்துக்குள் சுட வேண்டும்.