பிள்ளைக்கு மயக்க மருந்தா? முதலில் ஆச்சியிடம் சொல்லி வையுங்கள்

அக்கா மகனுக்கு 4 வயதில் குடலிறக்க ஆபரேஷன். தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர் குனிந்து, “காலைல என்னல சாப்ட்ட?” என்று கேட்க, அவன் சந்தோஷமாக, “ஆச்சி பாலும் ரஸ்க்கும் தந்தா” என்றான். அவ்வளவுதான், ஆபரேஷன் மறுநாளைக்குப் போனது. எங்கம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. “பச்சப்புள்ள பட்டினி கெடக்கானேன்னு ரெண்டு ரஸ்க்தான...” என்று இழுத்தாள்.

ரெண்டு ரஸ்க்கில் என்ன இருக்கிறது என்றால், மயக்கத்தில் இருமலும் வராது, விழுங்கவும் முடியாது, வயிற்றில் கிடப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் பொதுவான கணக்கு: இட்லி, பிஸ்கட், மாட்டுப்பால், பவுடர் பால் எல்லாம் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். டீயும் பால் கணக்குதான். இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், உங்கள் டாக்டர் சொன்ன நேரத்தையே பிடியுங்கள். அதற்காக முந்தின நாள் சாயங்காலமே வாயைக் கட்டிவிடாதீர்கள், சின்னப் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கிவிடும். முதல் கேஸாக எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் சளி. குற்றாலத்தில் சீசன் குளியல் போட்டு மூக்கொழுகி நிற்கும் பிள்ளையை, ‘தேதி வாங்கியாச்சே’ என்று மறைத்துக் கூட்டிப்போகாதீர்கள். சளி பிடித்த மூச்சுக்குழாய் மயக்கத்தில் சட்டென்று இறுகிக்கொள்ளும், சளி விட்ட பிறகும் ரெண்டு வாரமாவது அந்தத் தொந்தரவு இருக்கும். அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் குடி முழுகிவிடாது.

கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: வீசிங், குறட்டை, அலர்ஜி, கொடுக்கிற நாட்டு மருந்து, ஆடுகிற பல் (கழன்று மூச்சுக்குழாய்க்குள் போகலாம்), வீட்டில் பீடி பிடிப்பவர். சொந்தத்தில் முடித்த வீடு என்றால் இரண்டு பக்கமும் விசாரியுங்கள், யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தபோது தெளிய ரொம்ப நேரம் ஆனதா, உடம்பு அனலாய்க் கொதித்ததா என்று. அது பரம்பரையாக வரக்கூடியது. எடையைப் புதிதாக நிறுக்கச் சொல்லுங்கள், மருந்தெல்லாம் கிலோ கணக்கில்தான். நெயில் பாலிஷை அழித்துவிடுங்கள், ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை விரலில்தான் மாட்டுவார்கள்.

தெளியும்போது பிள்ளை உதைத்து, உங்களையே தெரியாத மாதிரி கத்தலாம். பெரும்பாலும் அரைமணி நேரத்தில் அடங்கிவிடும். வீட்டுக்குப் பைக்கில் வேண்டாம், காரிலோ ஆட்டோவிலோ ஒருவர் பக்கத்திலிருந்து தாடை நெஞ்சில் கவிழாமல் பார்த்துக்கொள்ளட்டும். மூச்சில் இழுப்புச் சத்தம், ஓயாத வாந்தி, எழுப்பினாலும் முழிக்காதது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே திரும்பக் கொண்டுபோங்கள். டாக்டர் சரி என்றதும் முதலில் தண்ணீர், அது தங்கினால் கஞ்சி. அல்வாவை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.