கண்ணாடி நழுவாமல் இருக்க ஒரு கொக்கி, பிறகு அதை விற்றது

வியர்வையில் மூக்குக்கண்ணாடி நழுவினால் மூக்குப் பட்டையை மாற்றினால் மட்டும் போதாது. பிடிப்பு காதுக்குப் பின்னால் வேண்டும். காம்பின், அதாவது காதில் மாட்டும் தண்டின், நுனியில் செருகும் சிலிக்கோன் கொக்கி போதும். காம்பு 4 மி.மீ. தடிமன் என்றால் துளை 3.5 மி.மீ.; விரிந்து தானே கவ்விக்கொள்ளும்.

முதல் வார்ப்பு இரண்டு நாளாகியும் பிசுபிசுத்தது. சிலிக்கோனின் இரு பாகங்களையும் 1:1 கலந்தது சரிதான், குற்றவாளி வார்ப்பச்சு. திரவ ரெசினை ஒளியால் இறுக்கும் 3டி பிரிண்டரில் எடுத்த அச்சில் தங்கும் எச்சம், பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகை சிலிக்கோனை இறுகவிடாது. லேட்டக்ஸ் கையுறையின் கந்தகமும் அப்படியே. பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் எடுத்த அச்சு, வினைல் கையுறை என்று மாற்றியதும் இறுகியது. குமிழியா? ஒரே மூலையில், நூல் போல ஊற்றுங்கள்.

விற்குமுன் பத்துப் பேருக்குக் கொடுங்கள். "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். இரண்டு வாரம் கழித்தும் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கழற்றியவரிடம்தான் விஷயம் இருக்கிறது: முடி சிக்குகிறதாம். விளிம்பை மழுக்கினேன்.

காப்புரிமை எண்ணமிருந்தால் படம் வெளியிடுமுன் விண்ணப்பியுங்கள். முதலில் வெளியிட்டால் பல நாடுகளில் புதுமை என்ற தகுதி போய்விடும். நிறைய வார்க்க உலோக அச்சு செய்வது, வடிவம் உறுதியான பிறகு, கடைசியில்தான். அதன் குழியைப் பெரிதாக்கலாம், சிறிதாக்குவது பெரும்பாடு.