ஆறு பேர் மலையேற்றமா? ஒரே பெரிய பாத்திரம் போதாது

ஒரு பானைச் சாப்பாட்டுக்குத் தலைக்கு 600 மில்லி என்று வையுங்கள். ஆறு பேருக்கு 3.6 லிட்டர். பொங்கி வழியாமல் இருக்க 4 லிட்டருக்கு மேல் கொள்ளளவு வேண்டும். அதை ஒரே பாத்திரமாக வாங்காதீர்கள். 3 லிட்டரும் 2 லிட்டரும் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற அலுமினியப் பாத்திரங்களே நல்லது. சாப்பாட்டை இரண்டிலும் பிரித்துச் சமையுங்கள்; டீயைச் சின்னதில் தனியாகப் போடலாம். டைட்டானியம் எடை குறைவுதான்; ஆனால் சூடு ஒரே இடத்தில் நிற்பதால் உப்புமா அடிப்பிடிக்கும். கைப்பிடிகள் வேண்டாம், இரண்டுக்கும் ஒரே இடுக்கி போதும்.

பலர் கோட்டைவிடுவது அடுப்பில். கேஸ் கேனின் தலையில் திருகும் குட்டி பர்னர் மேல் நிறைந்த 3 லிட்டர் பாத்திரம் ஏறினால் ஆடும், கிளறும்போது கவிழும். குழாய் வழியாகக் கேனோடு இணையும், தரையோடு உட்காரும் மூன்றுகால் அடுப்பு சற்றுக் கனம்தான், ஆனால் குழுவுக்கு அதுதான் சரி. அதைச் சுற்றிக் காற்றுமறைப்பும் வைக்கலாம். குட்டி பர்னரைச் சுற்றி முழுதாக மறைத்தால் கேன் சூடேறி வெடிக்கக்கூடும்.

காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் கொதிக்கச் சுமார் 15 கிராம் கேஸ். ஒரு நாளைக்கு 6 லிட்டர் என்றால் 90 கிராம். காற்று, குளிருக்குச் சேர்த்து 120 என்று வையுங்கள். 230 கிராம் கேன் இரண்டு நாளைக்குக்கூட இழுபறிதான். விமானத்தில் கேன் ஏற்ற முடியாது, போய் இறங்கும் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. அவல், ரவை, சேமியா எடுத்துப் போங்கள்.