தையல் லைனில் கற்கும் பழக்கத்தை ஏற்படுத்துவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனியொன்றில் ஒரு தையல் லைனின் (வரிசையாக மெஷின்களில் அமர்ந்து ஓர் ஆடையைப் பகுதி பகுதியாகத் தைக்கும் குழுவின்) பொறுப்பை முதன்முறையாக ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சி வகுப்பு வைத்தால் ஊழியர்கள் கற்றுக்கொள்வார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால், ஒரு தவறு வெளிப்படும் நிமிடத்தில் மேலாளர் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துத்தான், இங்கே வாய் திறந்து கேட்கலாமா கூடாதா என்பதை லைன் முடிவு செய்கிறது.

ஆகவே முதல் வேலை, தவறைச் சொல்பவரைத் திட்டாதிருப்பது. பனியன் கையின் மடிப்பில் ஊசி ஓட்டை விழுவதாகப் பிளாட்லாக் (விளிம்பை மடித்துத் தைக்கும் மெஷின்) டெய்லர் ஒருவர் சொன்னால், "இத்தனை பீஸ் போன பிறகா சொல்றீங்க?" என்று கேட்காதீர்கள், கேட்டால், அடுத்த முறை அந்தப் பீஸ் பண்டலுக்கு அடியில் போய்விடும். மாறாக, மெஷினருகே சென்று, "எந்தப் பீஸிலிருந்துங்க அக்கா இப்படி வருது?" என்று விசாரியுங்கள். ஊசியைக் கழற்றி, அதன் முனையை நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். முனை சேதமாகியிருந்தால் நகத்தில் கீறல் விழும். பக்கத்து மெஷின்காரர்களையும் அழைத்து அந்தக் கீறலைக் காட்டுங்கள். டொயோட்டா தொழிற்சாலைகளிலும், சிக்கலைக் கண்ட தொழிலாளியே ஆண்டன் எனும் எச்சரிக்கைக் கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ உதவிக்கு அழைக்கலாம்; தேவைப்பட்டால் லைனே நிற்கும்.

அடுத்தது, சொல்லிக் கொடுக்கும் முறை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமற்றவர்கள் திரளாகச் சேர்ந்ததால் உருவாக்கப்பட்டு, போருக்குப் பின் ஜப்பானுக்குச் சென்ற முறை இது: கற்பவரைத் தயார் செய்தல், செய்து காட்டுதல், செய்ய வைத்தல், பிறகு தொடர்ந்து கவனித்தல் என்று 4 கட்டங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் உயிர் இருக்கிறது. கற்பவர் தைத்துக்கொண்டே, "துணியை இழுக்கக் கூடாது, இழுத்தால் மடிப்பு அலை அலையாக வரும்" என்று காரணத்தோடு தம் வாயால் சொல்ல வேண்டும்.

யாருக்கு எந்த மெஷின் தெரியும் என்ற அட்டவணையைச் சுவரில் ஒட்டி, மாதந்தோறும் திருத்துங்கள்.

கடைசியாக, கற்பதற்கான நேரத்தை ஷிப்டுக்குள்ளேயே ஒதுக்குங்கள். தினமும் 10 நிமிடம் போதும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி வாங்கி, வேலை செய்பவருக்கு அந்த நேரம் கூலி இழப்பாகும் என்பதால், முந்தைய வாரத்தில் அவர் ஈட்டிய சராசரியைக் கணக்கிட்டு, அந்த 10 நிமிடத்துக்குரிய தொகையையும் வாரச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.