குடும்ப வன்முறை மனு: கடலூர்ப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

மகளிர் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியதும் கேஸ் போட்டாச்சு என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் அதிகம். புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அந்த ரசீது சாட்சி. எப்.ஐ.ஆர். போட்டாலும் அதனால் வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கிடைத்துவிடாது. அவற்றுக்கு உத்தரவு போடுபவர் மாஜிஸ்திரேட், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் மனு கொடுத்த பிறகு. காவல் நிலைய நடவடிக்கையும் இந்த மனுவும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஒன்று முடியட்டும் என்று மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மனு தயாரிக்க மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவசரத்துக்குத் தங்க ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. ஒன்றிய அரசின் நிர்பயா நிதியில் நடப்பது, பொதுவாக ஐந்து நாள் வரை தங்கலாம். வளர்ந்த ஆண் பிள்ளை கூட வந்தால் சேர்த்துக்கொள்வார்களா என்று 181 மகளிர் உதவி எண்ணில் முன்பே கேட்டுவிடுங்கள்.

இலவச வழக்கறிஞருக்காக வருமானச் சான்று வேண்டும் என்று வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைவது வீண். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. கடலூரில் மாவட்ட ஆணைக்குழு, தாலுகாக்களில் வட்டக் குழு, இல்லையென்றால் 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணில் கேளுங்கள். அங்கிருந்து அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் தனியாகப் பீஸ் கேட்டால் கொடுக்காமல் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் "படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்வது பின்னால் பெரிதாக அடிக்கும். டாக்டர் அதைத்தான் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதுவார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்டு வாங்குவதும் அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். யார், எதனால் அடித்தார் என்பதைச் சொல்லுங்கள். புகார் கொடுத்துவிட்டு வா என்று சிகிச்சையை மறுக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை இல்லை.

பெரும்பாலான மனுக்கள் சறுக்குவது எழுத்தில்தான். படிவம் 1 என்கிற குடும்ப நிகழ்வு அறிக்கையில் உடல், பாலியல், சொல்-மன, பொருளாதார வன்முறை, வரதட்சணை என்று தனித்தனி இடம் உண்டு. "தினமும் கொடுமைப்படுத்துகிறார்" என்று ஒரே வரியை எல்லாவற்றிலும் எழுதினால் அது சாட்சியமாக நிற்காது. தேதி, இடம், செய்தவர், பார்த்தவர் என நான்கும் வேண்டும். தேதி மறந்திருந்தால் "மாசிமகத்துக்கு மறுநாள்" என்றாவது எழுதுங்கள். பொருளாதாரப் பகுதியைத்தான் பலரும் காலியாக விடுகிறார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்து வாங்கிய கூலியைப் பிடுங்கிக்கொள்வதும், தாலிச்செயினைக் கேட்காமல் அடகு வைப்பதும் சட்டப்படி வன்முறைதான். அடகுச் சீட்டின் நகல், வங்கிப் பாஸ்புக், நகை தெரியும் கல்யாண போட்டோ எல்லாம் சேரட்டும். மிரட்டல் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அந்தப் போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் பற்றாது.

கேட்காத நிவாரணம் தானாக வராது. படிவம் 2-இல் பாதுகாப்பு, குடியிருப்பு, பணம், பிள்ளைகள் பொறுப்பு, இழப்பீடு எல்லாம் தனித்தனியே இருக்கின்றன. "தகுந்த ஜீவனாம்சம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் வாடகை, பால், மருந்து, பஸ், பள்ளி என்று மாதக் கணக்குப் போட்டுத் தொகையைச் சொல்லுங்கள். வீடு மாமியார் பெயரில் இருக்கிறதே என்று குடியிருப்பு உரிமையைக் கேட்காமல் விடாதீர்கள்; கூட்டாக வாழ்ந்த வீடு உறவினருக்குச் சொந்தமாக இருந்தாலும் கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த மாமியாரை வெளியேற்றச் சொல்ல முடியாது, சட்டமே அதைத் தடுக்கிறது. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு, நடப்பில் இழுக்கும். அதனால் 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்டு, படிவம் 3 பிரமாணப் பத்திரத்தை முதல் நாளே சேர்த்துவிட வேண்டும். பலருக்கு இந்த ஒரு தாள்தான் விட்டுப்போகிறது.

எங்கோ சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் வரை எல்லாரையும் எதிர்மனுதாரர் ஆக்கினால் ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் போய்ச் சேரவே மாதங்கள் ஓடும். உண்மையில் தவறு செய்தவர்கள் மட்டும் போதும். கணவரின் வேலையிட முகவரியும் போன் எண்ணும் கட்டாயம் இருக்கட்டும்.

பாகூரில் கட்டிக்கொடுத்த பெண் கடலூரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தால், புதுச்சேரி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். தேவையில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். இங்கே வாங்கும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும்.

ஊர்ப் பெரியவர்கள் பேசிச் சமாதானம் ஆனால், வாய்ப்பேச்சை நம்பி மனுவை வாபஸ் வாங்காதீர்கள். ஒத்துக்கொண்டதை எல்லாம் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பாதுகாப்பு உத்தரவாகவே வாங்குங்கள். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவின் நகலுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றமே அனுப்ப வேண்டும். ஒரு வாரத்தில் நேரில் போய், வந்துவிட்டதா என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள்.