எவ்வளவு தூரம் இழுக்கும்? டெலிபோட்டோ ஜூம் லென்ஸ் வாங்கவும் பழகவும் ஒரு செய்முறை

தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் பெரிய டெலிபோட்டோ லென்ஸோடு கடலூர் முதுநகர் துறைமுகத்தில் போய் நின்றால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “தம்பி, இது எவ்வளவு தூரம் இழுக்கும்?” வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவரும் கேட்பார், புதிதாகக் கேமரா வாங்கிய கல்லூரி மாணவரும் கேட்பார். நல்ல கேள்வி அது. லென்ஸ் வாங்குவதற்கு முன் அதையே கொஞ்சம் திருப்பிக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் எடுக்க நினைப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அதற்கு மீட்டர் கணக்கில் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

நீங்கள் அடிக்கடி படமெடுக்கப் போகும் இடத்துக்கு ஒருநாள் கேமரா இல்லாமல் போய் வாருங்கள். புதுச்சேரிக்கு அருகே உள்ள ஊசுட்டேரிக் கரையோ, தேவனாம்பட்டினம் கடற்கரையோ, வீட்டு மொட்டை மாடியோ, எதுவானாலும் சரி. பறவையும் படகும் நிற்கும் தூரத்தைக் காலடிக் கணக்கில் மதிப்பிடுங்கள். மூன்று காலடி சுமார் இரண்டு மீட்டர்.

இனி ஒரு சின்னக் கணக்கு. தூரத்தை மீட்டரில் எடுத்து, சென்சாரின் (கேமராவுக்குள் படத்தைப் பதியும் தகடு) அகலத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸின் மேல் மி.மீ.யில் எழுதியிருக்கும் எண்; அது கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்) வகுத்தால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்பது கிடைக்கும். பெரும்பாலான தொடக்கநிலைக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவுச் சென்சாரின் அகலம் ஏறக்குறைய 24 மி.மீ.; அதைவிடப் பெரிய ஃபுல் ஃபிரேம் என்றால் 36 மி.மீ. ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மி.மீ. லென்ஸைப் போட்டு 20 மீட்டர் தூரத்தைப் பார்த்தால் 1.6 மீட்டர் அகலம் தெரியும். செம்பருந்து இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஆக, படத்தை அது கிட்டத்தட்ட நிறைத்துவிடும். அதே பருந்து 50 மீட்டரில் பறந்தால் படத்தின் அகலம் 4 மீட்டர்; பருந்து கால்பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அங்கே 600 மி.மீ. இருந்தால் பாதிக்கு மேல் நிறையும். சிறு மீன்கொத்தியின் நீளம் 17 செ.மீ. அளவுதான். 300 மி.மீ. லென்ஸோடு 10 மீட்டர் வரை நெருங்கினாலும் அது படத்தில் ஐந்தில் ஒரு பங்குதான்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தவர் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி வாங்க மாட்டார்.

படி 2: லென்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

70-300 என்பது குவியத் தூரம், 70 மி.மீ. முதல் 300 மி.மீ. வரை. அதற்கு அருகில் 4-5.6 என்று இருந்தால், 70-இல் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 4 வரை திறக்கும், 300-க்குப் போகும்போது எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும் என்று பொருள். 2.8 என்று ஒரே எண் இருந்தால் எந்த ஜூமிலும் எஃப் 2.8 கிடைக்கும். எஃப் 5.6-ஐவிட இரண்டு ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு), அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். விலையும் எடையும் அதற்கேற்ப ஏறும்.

அடுத்து, அதிர்வு தடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கேனான் அதை ஐஎஸ் என்கிறது, நிக்கான் விஆர், சோனி ஓஎஸ்எஸ், சிக்மா ஓஎஸ், டாம்ரான் விசி. இந்த எழுத்துகள் இல்லாத 70-300 லென்ஸ்களும் சந்தையில் உண்டு. விலை குறைவு என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். கேமரா பாடியிலேயே அதிர்வுத் தடுப்பு இருந்தாலொழிய, கையில் பிடித்து எடுக்கப் பழகும் ஒருவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய நிக்கான் லென்ஸ் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டி3500 போன்ற தொடக்கநிலை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ளும் மோட்டார் இல்லையென்றால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும்.

படி 3: தேர்ந்தெடுங்கள்

முதல் டெலிபோட்டோ என்றால் 55-250 அல்லது 70-300 போதும் என்பது என் உறுதியான கருத்து. கேனானின் 55-250 எஸ்டிஎம் 375 கிராம்தான். காலை முழுவதும் தூக்கிக்கொண்டு நடக்கலாம். பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் சுரபுன்னை மரங்களுக்கிடையே போகும்போது படகு ஆடிக்கொண்டே இருக்கும், ட்ரைபாட் எதற்கும் உதவாது. அங்கே கைக்கு அடக்கமான லென்ஸ்தான் படம் தரும்.

வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேர், மாசி மகத் தீர்த்தவாரி, மேடை நிகழ்ச்சி என்று எடுப்பவருக்கு 70-200 எஃப் 2.8 ஏற்றது. எடை பெரும்பாலும் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை வரும். பறவைகளே உயிர் என்பவர் 100-400 அல்லது 150-600 பக்கம் போகலாம். சிக்மாவின் 150-600 கன்டெம்பரரி ஏறத்தாழ 1.9 கிலோ, வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் கண்ணருகே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் கன்வெர்ட்டரைப் போட்டுக் குவியத் தூரத்தைக் கூட்டலாமே என்று கேட்பார்கள். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தையும், 2 மடங்கு கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப்பையும் எடுத்துக்கொள்ளும். எஃப் 5.6 லென்ஸில் அதைப் போட்டால் பல கேமராக்கள் ஃபோகஸுக்கே தடுமாறும். முதல் ஆண்டில் அது வேண்டாம்.

பழைய லென்ஸ் வாங்கினால் கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. தூசித் துகள் நான்கைந்து இருந்தால் பரவாயில்லை, பூஞ்சை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: உங்கள் கையின் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வாகனங்கள் கிடையாது. பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களில் நுணுக்கமான செதுக்கு வேலை இருக்கிறது. விடிந்து வெளிச்சம் வந்ததும் அதில் ஓர் உருவத்தைத் தேர்ந்து, லென்ஸை 300-க்கு நீட்டுங்கள்.

இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், முன்பக்கமாகத் தாங்கட்டும், மேலிருந்து பிடிக்காதீர்கள். இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். ஒரு கால் சற்று முன்னே. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஷட்டரை அழுத்துங்கள், குத்தாதீர்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடியில் ஐந்து படம், 1/250-இல் ஐந்து, 1/125-இல் ஐந்து, 1/60-இல் ஐந்து. அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு சுற்று. வீட்டுக்கு வந்து கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, கல்லில் உளி பட்ட தடம் எந்த வேகம் வரை தெளிவாக இருக்கிறது என்று எண்ணுங்கள்.

ஏட்டு விதி ஒன்று உண்டு: ஷட்டர் வேகம் குவியத் தூரத்தின் தலைகீழ் எண்ணுக்குக் குறையக்கூடாது, 300 மி.மீ. என்றால் 1/300 நொடி. ஏபிஎஸ்-சி என்றால் அதை 1.5 மடங்காக்க வேண்டும், 300 மி.மீ.க்கு 1/450, அதாவது 1/500. ஆனால் விதியைவிட உங்கள் கை சொல்வதுதான் உங்களுக்குப் பயன்படும். என் மாணவி ஒருவர் 1/60-இலும் கல்போல் நிற்பார். எனக்கு 1/125-க்குக் கீழே இறங்கினால் நிச்சயம் இல்லை.

அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். எதிரே பறப்பதை அது நிறுத்தாது. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

படி 5: செம்பருந்தைப் பின்தொடருங்கள்

துறைமுகத்தில் விசைப்படகுகள் வந்து அணைந்து, கழிவு மீன் தண்ணீரில் விழத் தொடங்கியதும் செம்பருந்துகள் மேலே வட்டமிடும். பழகுவதற்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் இல்லை. ஒன்று தவறினால் அரை நிமிடத்தில் இன்னொன்று வரும்.

கேமராவில் ஷட்டர் முன்னுரிமை முறையை வையுங்கள்; வேகத்தை நீங்கள் வைத்தால் மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஷட்டர் 1/2000. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) தானியங்கி, உச்ச வரம்பு 3200. ஃபோகஸ், நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில் இருக்கட்டும். கேனானில் ஏஐ சர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி. தொடர்படம் எடுக்கும் வசதியையும் போட்டுவையுங்கள். வெளுத்த வானம் பின்னணியாக இருந்தால் பறவை கறுத்துப்போகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கருத்த தண்ணீருக்கு மேல் வெள்ளைக் கொக்கு பறந்தால் நேர்மாறாக, அரை ஸ்டாப்பிலிருந்து ஒன்று வரை குறைக்க வேண்டும்.

புதியவர் செய்யும் தவறு, 300-இல் வைத்துக்கொண்டு வானத்தில் பறவையைத் தேடுவது. கிடைக்காது. 70-இல் தொடங்குங்கள். இரண்டு கண்களும் திறந்திருக்கட்டும். பறவை கட்டத்துக்குள் வந்ததும் இடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டே ஜூமை நீட்டுங்கள்.

எப்போது அழுத்துவது? பருந்தின் காலைப் பாருங்கள். வட்டமிடும்போது கால்கள் வயிற்றோடு மடங்கி ஒட்டியிருக்கும். இறங்க முடிவெடுத்ததும் தலை குனியும், இறக்கை சற்றுக் குறுகும், பிறகு மஞ்சள் கால்கள் இரண்டும் முன்னே நீளும். கால் நீண்ட அந்த நொடியில் விரலை வையுங்கள். தண்ணீரை அது நகத்தால்தான் தொடும், உடம்பு நனையாது. மேலே ஏறியதும் பறந்தபடியே காலை அலகுக்குக் கொண்டுவந்து தின்னும். அந்தக் குனிந்த தலை, செங்கல் நிற முதுகு, வெள்ளை மார்பு எல்லாம் ஒரே படத்தில் அமைய எனக்குப் பல காலைகள் தேவைப்பட்டன. கிடைத்த படத்தை இன்றும் எடுத்துப் பார்க்கிறேன்.

ஃபோகஸ் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு கணக்கு: ஏபிஎஸ்-சி கேமராவில், 300 மி.மீ., எஃப் 5.6, 10 மீட்டர் தூரம் என்றால், தெளிவாக விழும் ஆழம் ஒரு சாண் அளவுதான். 5 மீட்டர் என்றால் ஆறு செ.மீ.தான். அதனால் ஃபோகஸ் புள்ளி கண்ணில் இருக்க வேண்டும், இறக்கையில் இருந்தால் முகம் மங்கிவிடும்.

படி 6: வெயிலையும் காற்றையும் படியுங்கள்

நம்முடையது கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கடலை நோக்கி எடுத்தால் படகும் மனிதரும் நிழலுருவமாகத்தான் வருவார்கள். நிழலுருவம் வேண்டுமென்றால் அது நல்ல நேரம். படகின் வண்ணமும் மீனவர் முகமும் வேண்டுமென்றால் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கடல்மேல் விழும்.

ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் மணல் சுட்டுவிட்டால் இன்னொரு சிக்கல் தொடங்கும். சூடான காற்று நெளிந்து எழும். தூரத்துப் படகின் விளிம்பு நீரில் கரைவதுபோலத் தெரியும். பலர் லென்ஸில் குறை என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அசையாத ஒரு பொருளை வேகமான ஷட்டரில் வரிசையாகப் பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் விளிம்பு வெவ்வேறு விதமாக நெளிந்திருந்தால் குற்றவாளி காற்று. எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் அதை வெல்லாது. விடியலுக்குப் போங்கள், அல்லது பொருளுக்கு அருகில் நடந்து போங்கள். ஏசி காரின் கண்ணாடியை இறக்கி எடுத்தாலும் இதே நெளிவு வரும்.

படி 7: மனிதர்களை எடுக்கும்போது

தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் படம் எடுக்க முடிகிறது என்பதாலேயே இந்த லென்ஸுக்குக் கூடுதல் கண்ணியம் வேண்டும். கூடையோடு ஏலத்துக்கு நிற்கும் பெண்களை மறைந்து நின்று எடுக்காதீர்கள். முதலில் போய்ப் பேசுங்கள். “அக்கா, நீங்கள் வேலை செய்வதைப் படமெடுக்கட்டுமா?” என்று கேட்டு, சரி என்றால் பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் வந்து நில்லுங்கள். சிறிது நேரத்தில் அவர்கள் உங்களை மறந்து வேலையில் ஆழ்ந்துவிடுவார்கள். வலை பின்னும் பெரியவர் ஒருவரை அப்படித்தான் எடுத்தேன். 250 மி.மீ.யில் கட்டத்துக்குள் இருந்தவை இரண்டு விரல், ஊசி, பச்சை நைலான் நூல், கால் பெருவிரலில் மாட்டி இழுத்த வலைக்கண். கடல், கூட்டம், கொடி எல்லாம் வெளியே போய்விட்டன.

பறவைக் கூட்டுக்கும் இதே ஒழுங்குதான். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள்.

படி 8: உப்பும் ஈரமும்

கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரப்படுத்திப் பிழிந்த மென்துணியால் லென்ஸின் உடலைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். ஜூம் நீளும் குழாயையும் மறக்க வேண்டாம். அதில் படிந்த உப்பு உள்ளே போகும். கண்ணாடியை முதலில் ஊதுபந்தால் ஊதிய பிறகே தொட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் பெரிய இழப்பு நேர்கிறது. என் முதல் 70-300 லென்ஸைத் தோல் உறையில் போட்டுத் துணி பீரோவில் வைத்தேன். தை பிறந்து எடுத்துப் பார்த்தபோது முன்கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை வேர் விட்டிருந்தது. அதைச் சுத்தம் செய்தும் பழைய தெளிவு திரும்பவில்லை. அன்றிலிருந்து இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், பெரிய செலவில்லாத அக்கறை. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். வசதி இருந்தால் ட்ரை கேபினட் வாங்கி ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் வையுங்கள். அதற்கும் மேலாக, வாரம் ஒருமுறை லென்ஸை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், துறைமுகம் அமைதியாக இருக்கும். காந்தி சிலைத் தூண்களில் பழகவும் கையை நிலைப்படுத்தவும் அந்த நாள்களை வைத்துக்கொள்ளுங்கள். தடை முடிந்து படகுகள் மீனோடு திரும்பும் முதல் காலையில், ஐந்தரை மணிக்கெல்லாம் முதுநகரில் இருங்கள். 1/2000 வைக்க மறக்காதீர்கள்.