செவலைக்கு முட்டை அடைத்தபோது

முந்தாநாள் வரை நன்றாக மேய்ந்த செவலைக் கோழி, காலையில் கூட்டை விட்டு இறங்கவே இல்லை. வாலைத் தொங்கவிட்டு முக்கி முக்கி நின்றது. வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோயோ என்று பதறிப்போனேன். ஆனால் கழிச்சல் இல்லை. அடிவயிற்றை மெல்லத் தடவியபோது முட்டை கையில் தட்டுப்பட்டது. பாவம், எவ்வளவு வலித்திருக்கும்!

கை பொறுக்கும் வெந்நீரில், வயிறு நனையும்படி 20 நிமிடம் உட்கார வைத்தேன். முதலில் படபடத்தது, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டது. ஈரம் போகத் துடைத்து, ஆசனவாயைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவி, இருட்டான மூலையில் விட்டேன். பிதுக்கி எடுக்க மட்டும் கூடாது. முட்டை உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. மதியத்துக்குள் போடாவிட்டால் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப்போக இருந்தேன். 11 மணிக்கு வைக்கோலில் ஒரு முட்டை, ஓடு மெலிந்து சொரசொரவென்று. சுண்ணாம்புச்சத்து போதவில்லை போலிருக்கிறது. இப்போது கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைக்கிறேன்.